இன்ஜினுக்கு பிரெஞ்சில் என்ன?



இந்த இதழில் நாம பிரிச்சுப் பார்க்கப்போற ஆங்கில வார்த்தை 'இன்ஜின்'. இதுல என்ன இருக்கு, எல்.கே.ஜி. பையனுக்கே தெரியுமேன்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. ஒரு நிமிஷம் யோசிங்க. பைக்கில் இருப்பது இன்ஜின். ரயிலை முன்னால் நின்று இழுப்பதும் இன்ஜின். எங்கேயாவது தீப்பிடித்தால் மணியடித்துக்கொண்டு வரும் சிவப்பு வண்டி ஃபயர் இன்ஜின். கூகுள் ஒரு சர்ச் இன்ஜின். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டலில் ஓடிக்கொண்டிருக்கும் கேமுக்கு உள்ளே ஒரு கேம் இன்ஜின். இதெல்லாம் போக, நாலு வருஷம் கஷ்டப்பட்டு நாம வாங்கப்போற 'இன்ஜினியர்' என்ற பெயருக்குள்ளும் அதே வார்த்தைதான் உட்கார்ந்திருக்கிறது.

இப்போ கேள்விக்கு வருவோம். இன்ஜினுக்கு பிரெஞ்சில் என்ன? பிரெஞ்சு எலெக்டிவ் எடுத்தவர்கள் உடனே கை தூக்கி 'மொத்தேர்' என்பார்கள். பைக்குக்கு அது சரி. ரயில் இன்ஜினை மொத்தேர் என்றால் தப்பு. ஃபயர் இன்ஜினை அப்படிச் சொன்னால் பெரிய தப்பு. அகராதியைத் திறந்தால் இந்த ஒரு வார்த்தைக்கு எதிரே அரை டஜன் பிரெஞ்சு வார்த்தைகள் வரிசையாக நிற்கும். அதில் ஒன்று 'ஆன்ஜேன்'. அதில் வரும் 'ஜ'வை 'ஷ'வுக்குப் பக்கத்தில் உரசிச் சொல்லணும், கடைசி 'ன்' மூக்கோடு நின்றுவிடும். எழுத்தில் பார்த்தால் ஆங்கில வார்த்தையேதான், கடைசி 'ஈ' மட்டும் இல்லை. அட, இதுதான் போலன்னு எடுத்துப் போட்டுவிடத் தோன்றும். அங்கேதான் பொறி. (இந்தப் 'பொறி'யை ஞாபகம் வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கு.) இன்றைய பிரெஞ்சில் உங்க கார் பானட்டுக்குள் இருப்பது ஆன்ஜேன் இல்லை. ரோடு போடும் இடத்தில் நிற்கும் ஜே.சி.பி. ஆன்ஜேன். செய்தியில் வரும் வெடிகுண்டும் ஆன்ஜேன்.

ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு வார்த்தைகள் எப்படி இவ்வளவு தூரம் பிரிந்து போயின? அதைத் தெரிஞ்சுக்கிட்டா, எந்த இடத்தில் எந்த பிரெஞ்சு வார்த்தை என்பதை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியமே பாதி குறைஞ்சிடும்.

கூடவே பிறந்தது

லத்தீனில் 'இங்கேனியும்' என்று ஒரு சொல். 'இன்' என்றால் உள்ளே. 'கென்' என்பது பிறப்பைக் குறிக்கும் வேர். இரண்டும் சேர்ந்தால் ஒரு மனிதனுக்குள் கூடவே பிறந்த திறமை, இயல்பான அறிவு. கவனிங்க, இதில் இரும்பும் இல்லை, நீராவியும் இல்லை, பிஸ்டனும் இல்லை. முழுக்க முழுக்க மண்டைக்குள் நடக்கும் சமாச்சாரம்.

இந்த 'கென்' வேரிலிருந்து வந்த வார்த்தைகள் நம்ம சிலபஸ் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஜெனரேட்டர், ஜீன், ஜீனியஸ், ஜெனரேஷன் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். இன்னும் ஒரு ஆச்சரியம்: இது இந்தோ-ஐரோப்பிய வேர் என்பதால் சமஸ்கிருதத்திலும் இதற்கு ஒரு பங்காளி உண்டு, 'ஜன்'. ஜனனம், ஜனங்கள், ஜாதி, ஜென்மம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 'ஏழு ஜென்மம் எடுத்தாலும் எம்-3 அரியர் கிளியர் ஆகாதுடா'ன்னு நண்பனைக் கலாய்க்கும்போது அந்த 'ஜென்'னும், இன்ஜினில் இருக்கும் 'ஜின்'னும் தூரத்துச் சொந்தம்.

லத்தீன் சொல் பழைய பிரெஞ்சுக்குள் நுழைந்து 'ஆன்ஜேன்' ஆனபோது முதலில் அதே அர்த்தம்தான்: அறிவு, சாமர்த்தியம். ஆனால் சாமர்த்தியத்துக்கும் தந்திரத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அர்த்தம் மெதுவாக வழுக்கி சூழ்ச்சி, ஏமாற்று என்று போனது. அப்புறம் அந்தச் சாமர்த்தியத்தால் செய்யப்பட்ட பொருளுக்கே பெயராகிவிட்டது. அந்தக் காலத்தில் மூளையைக் கசக்கிச் செய்த பெரிய பொருள் எது? கோட்டை மதிலை இடிக்கும் கருவி, கல்லை வீசும் கருவி. பிற்கால லத்தீனிலேயே இங்கேனியும் என்ற சொல் போர்க்கருவிக்கும் பயன்பட ஆரம்பித்திருந்தது.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வார்த்தைகள் கப்பல் கப்பலாக ஆங்கிலத்தில் இறங்கின. 1300 வாக்கில் இந்த வார்த்தையும் தன் மொத்த மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தது: அறிவு, தந்திரம், கண்ணி, போர்க்கருவி என்று எல்லா அர்த்தமும் கூடவே. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில், இரண்டாம் கன்னியாஸ்திரி சொல்லும் கதையில் மனித மனத்தின் மூன்று ஆற்றல்களைச் சொல்கிறார். நினைவாற்றலுக்கும் பகுத்தறிவுக்கும் நடுவில் அவர் வைப்பது எதைத் தெரியுமா? இன்ஜினை. மனிதனுக்குள் ஒரு இன்ஜின் இருக்கிறது என்று சாசர் எழுதினால் அது உவமை இல்லை, நேரடி அர்த்தம்.

அந்தப் பழைய அர்த்தம் இன்றும் ஆங்கிலத்தில் ஒரு ஓரமாக உயிரோடு இருக்கிறது. ஒரு கட்சியை உடைக்க யாரோ பின்னால் இருந்து திட்டம் போட்டால், அவர் அதை 'இன்ஜினியர்' பண்ணினார் என்று பேப்பரில் எழுதுவார்கள். அதில் டிகிரி தேவையில்லை.

கண்ணி என்ற அர்த்தமும் சாகவில்லை. இன்ஜினின் முன்பாதியை வெட்டிவிட்டு 'ஜின்' என்று மட்டும் சொன்னார்கள். விலங்குகளைப் பிடிக்கும் பல் வைத்த இரும்புக் கண்ணிக்கு ஆங்கிலத்தில் ஜின் டிராப் என்று பெயர். பிறகு எந்தச் சின்ன எந்திரமும் ஜின் ஆனது. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் எந்திரத்துக்கு எலை விட்னி 1794-ல் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். அதுதான் காட்டன் ஜின். நம்ம ஊர்ப் பக்கம் பருத்தி விளையும் இடங்களில் 'ஜின்னிங் மில்' என்று போர்டு பார்த்திருப்பீங்க. அந்த ஜின் இன்ஜினின் வால்தான். குடிக்கிற ஜின்னுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. அது ஜூனிப்பர் செடியின் பிரெஞ்சு, டச்சுப் பெயர்களிலிருந்து வந்த வேற கதை.

நம்ம பொறி

இங்கே தமிழைக் கொண்டு வராமல் இருக்க முடியவில்லை. இன்ஜினியருக்கு நாம பொறியாளர் என்கிறோம். பொறி என்றால் எந்திரம். ஆனால் எலிப்பொறி என்றால்? கண்ணி. ஐம்பொறி என்றால்? கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு என்று உலகத்தை உள்ளே வாங்கும் புலன்கள். கண்ணியும் எந்திரமும் மனிதனுக்குள் இருக்கும் ஆற்றலும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன, பழைய பிரெஞ்சு ஆன்ஜேன் மாதிரியே. லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. இரண்டு மொழிகளும் தனித்தனியாக ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

போர்க்கருவி மட்டும் ஏன் விட்டுப்போகணும்? சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த எந்திரங்கள் பட்டியலாக வரும். அதில் தானே வளைந்து அம்பு எய்யும் வில் எந்திரத்துக்குப் பெயர் பொறி. ஆக நம்ம பொறியும் கோட்டை மதிலில் வேலை பார்த்ததுதான். சூழ்ச்சி என்ற சொல்லும் இப்படி வழுக்கியதே. குறளில் 'சூழ்ச்சி' என்றால் நன்றாக ஆராய்ந்து யோசிப்பது. இப்போ சீரியல் வில்லி மட்டும்தான் சூழ்ச்சி பண்ணுகிறாள்.

ஒரு வேண்டுகோள்: அது வல்லின 'ற'. டிபார்ட்மென்ட் பேனரில் இடையின 'ர' போட்டு எழுதினால் அது சாயங்காலம் கேன்டீனில் கிடைக்கும் பொரிக்கான இயலாகிவிடும்.

போரிலிருந்து பாலத்துக்கு

ஆரம்பத்தில் இன்ஜினியர் என்றால் போர்க்கருவி செய்கிறவர், கோட்டை கட்டுகிறவர், கோட்டை இடிக்கிறவர். அதனால்தான் 18-ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கமும் பாலமும் கால்வாயும் கட்டிக்கொண்டிருந்த ஜான் ஸ்மீட்டன் தன்னை 'சிவில்' இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டார். சிவில் என்றால் சிமென்ட் இல்லை. ராணுவம் அல்லாத, குடிமக்களுக்கான என்று அர்த்தம். அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து 1771-ல் லண்டனில் ஒரு சிவில் இன்ஜினியர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். சிவில் டிபார்ட்மென்ட் ஆட்கள் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ராணுவத்தை விட்டு முதலில் வெளியே வந்தது நீங்கதான்.

பிரான்சில் இதே காலத்தில் கதை வேற மாதிரி போனது. அங்கே அரசாங்கமே பள்ளிகள் ஆரம்பித்து இன்ஜினியர்களை உருவாக்கியது. பாலங்களுக்கும் சாலைகளுக்குமான பள்ளி 1747-ல், ராணுவ இன்ஜினியர்களுக்கான பள்ளி மெசியேர் ஊரில் 1748-ல், புகழ்பெற்ற எக்கொல் பொலிடெக்னிக் 1794-ல். 1794 என்றதும் சென்னைக்காரங்க நிமிர்ந்து உட்காருவீங்க. கிண்டி பொறியியல் கல்லூரி சர்வே பள்ளியாகப் பிறந்ததும் அதே வருஷம்தான். காட்டன் ஜின் பேட்டன்டும் அதே 1794. மூன்றுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை, குவிஸ்ஸில் கேட்டால் உதவும்.

நீராவி வந்ததும் பாதை பிரிந்தது

1712-ல் தாமஸ் நியூகோமன் இங்கிலாந்தில் சுரங்கத் தண்ணீரை வெளியேற்ற நீராவியால் ஓடும் ஒரு ராட்சச எந்திரத்தை நிறுத்தினார். அந்த மாதிரி எந்திரங்களுக்கு அப்போ ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ஃபயர் இன்ஜின்! நெருப்பை அணைப்பது இல்லை, நெருப்பால் ஓடுவது. ஜேம்ஸ் வாட் 1769-ல் வாங்கிய பேட்டன்டின் தலைப்பிலேயே ஃபயர் இன்ஜின் என்றுதான் இருக்கும். பிற்பாடு 'ஸ்டீம் இன்ஜின்' நிலைத்தது. அதன் செல்வாக்கில் ஆங்கிலத்தில் இன்ஜின் என்றாலே எரிபொருளைத் தின்று சக்தி தரும் எந்திரம் என்று அர்த்தம் சுருங்கியது. அறிவு, தந்திரம் எல்லாம் பின் சீட்டுக்குப் போய்விட்டன.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் புது எந்திரத்துக்குத் தங்கள் பழைய ஆன்ஜேனைக் கொடுக்கவில்லை. பாரிஸில் பெரியே சகோதரர்கள் 1781-ல் ஷையோ பகுதியில் தண்ணீர் ஏற்றுவதற்காக நிறுத்தியதை 'பொம்ப் ஆ ஃபே', நெருப்புப் பம்பு, என்றார்கள். பொதுவாக 'மஷீன் ஆ வப்பேர்', நீராவி மெஷின். ஆங்கிலம் இன்ஜின் என்ற இடத்தில் பிரெஞ்சு மெஷின் என்றது. இதை நல்லா மனசில் வெச்சுக்கோங்க: ஸ்டீம் இன்ஜின் என்று பழைய எந்திரத்தைப் பற்றி எழுதினால் மஷீன் ஆ வப்பேர்.

மெக்கானிக்கல் மக்களுக்குத் தெரிந்த பெயர், கார்னோ. நாம 'ஹீட் இன்ஜின்' என்று தெர்மோடைனமிக்ஸில் படிப்பதற்கு அடிப்படை போட்டவர். பொலிடெக்னிக்கில் படித்தவர், ராணுவ இன்ஜினியர் அதிகாரி. 1824-ல், 28 வயதில், நெருப்பின் இயக்கு சக்தியைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் அவர் ஹீட் இன்ஜினுக்கு எழுதும் பெயர் 'மஷீன் ஆ ஃபே', நெருப்பு மெஷின். இயக்கு சக்திக்கு 'புய்சான்ஸ் மொத்ரிஸ்'. இந்த மொத்ரிஸ்தான் மொத்தேரின் பெண்பால்.

மொத்தேர் என்றால் அசைப்பது, நகர்த்துவது. லத்தீனில் மோட்டார் என்பதும் அதுவே. உலகத்தை முதலில் அசைத்துவிட்டவர் யார் என்று அரிஸ்டாட்டில் வழியில் தத்துவம் பேசும்போது அந்த முதல் இயக்குநருக்கு பிரெஞ்சில் 'ப்ரெமியே மொத்தேர்' என்பார்கள். கடவுள் லெவலில் இருந்த அந்தச் சொல் 19-ஆம் நூற்றாண்டில் தொழிற்சாலைக்கு இறங்கி வந்தது. 1860-ல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் கேஸை உள்ளேயே எரித்து ஓடும் எந்திரத்துக்கு பேட்டன்ட் வாங்கியபோது அது மொத்தேர் ஆனது. அதிலிருந்து பெட்ரோல், டீசல், எலெக்ட்ரிக் எல்லாமே மொத்தேர்.

இங்கேதான் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பெரிய வித்தியாசம். ஆங்கிலத்தில் எரிபொருளை எரித்தால் இன்ஜின், கரன்ட்டில் ஓடினால் மோட்டார் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். நம்ம விவசாயிகளும் இதை வாத்தியாரை விட சரியாகச் சொல்வார்கள்: டீசலில் ஓடும் பம்புசெட் 'ஆயில் இன்ஜின்', ஈ.பி. லைனில் ஓடுவது 'மோட்டார்'. பிரெஞ்சில் அந்தக் கோடு கிடையாது. எது என்று சொல்லணும்னா பின்னால் ஒரு வார்த்தை சேர்க்கணும்: 'மொத்தேர் எலெக்த்ரிக்', 'மொத்தேர் தெர்மிக்'. எலெக்ட்ரிக் வண்டி புராஜெக்ட் ரிப்போர்ட்டை மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கணும். 'இதில் இன்ஜின் இல்லை, மோட்டார்தான் இருக்கு' என்ற ஆங்கில வாக்கியத்தை அப்படியே பிரெஞ்சில் போட்டால் 'இதில் மொத்தேர் இல்லை, மொத்தேர்தான் இருக்கு' என்று வரும்!

எங்கே எது?

இனி வேகமாகப் போகலாம். ரயில் இன்ஜின், 'லொகொமொத்திவ்'. அதை ஓட்டுகிறவர் அமெரிக்காவில் இன்ஜினியர். பிரெஞ்சு ரயில்வே வழக்கில் 'மெக்கானிசியேன்'. அவருக்குப் பக்கத்தில் நின்று கரி அள்ளிப் போட்டவர்தான் 'ஷொஃபேர்', சூடேற்றுபவர். பிறகு அந்தப் பெயர் கார் ஓட்டுகிறவருக்கு வந்துவிட்டது. ஃபயர் இன்ஜின், 'காமியோன் த பொம்பியே', அதாவது பம்புக்காரர்களின் லாரி. ஆங்கிலம் வண்டியை நெருப்போடு சேர்த்துப் பெயர் வைத்தது. பிரெஞ்சு, தீயணைப்பு வீரரையே பம்பை வைத்துக் கூப்பிடுகிறது.

விமானத்தின் ஜெட் இன்ஜின், 'ரெயாக்தேர்'. இதில் ஜாக்கிரதை. அணு உலையும் அதே ரெயாக்தேர்தான். கல்பாக்கத்தில் இருக்கும் சோதனை வேக ஈனுலை பிரான்சின் ராப்சொதி உலையை மாதிரியாக வைத்துக் கட்டப்பட்டது. அந்தக் காகிதங்களில் வரும் ரெயாக்தேரும் ஏர்பஸ் இறக்கைக்குக் கீழே தொங்கும் ரெயாக்தேரும் ஒன்றில்லை என்பதைச் சுற்றியிருக்கும் வாக்கியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கணும்.

ஆனால் ராக்கெட் இன்ஜின் மறுபடியும் மொத்தேர். இதற்கு நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிரான்ஸ் ஏரியான் ராக்கெட்டுக்காக 'மொத்தேர் வைக்கிங்'கை உருவாக்கிய காலத்தில், 1974-ல் இஸ்ரோ ஒரு ஒப்பந்தம் போட்டது. நாகர்கோவில்காரரான நம்பி நாராயணன் தலைமையில் நம்ம இன்ஜினியர்கள் பிரான்சின் வெர்னோன் நகரத்துக்குப் போய் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள். 'ராக்கெட்ரி' படத்தில் பார்த்திருப்பீங்க. அதன் பலன் விகாஸ் இன்ஜின். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் அதைச் சோதிக்கிறார்கள். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருப்பது அது. 2023-ல் சந்திரயான்-3ஐத் தூக்கிப்போன எல்.வி.எம்-3லும் இரண்டு விகாஸ் இருந்தன. வெர்னோனில் மொத்தேராக இருந்தது மகேந்திரகிரியில் இன்ஜின் ஆனது. ஆன்ஜேன் என்று யாராவது மொழிபெயர்த்திருந்தால் அந்த பிரெஞ்சுக்காரர் வேற எதையோ நினைத்திருப்பார். ஏன்னா 'ஆன்ஜேன் ஸ்பஸியால்' என்றால் விண்கலம், 'ஆன்ஜேன் பலிஸ்திக்' என்றால் ஏவுகணை.

சாஃப்ட்வேரில் நிம்மதி. சர்ச் இன்ஜின் 'மொத்தேர் த ரெஷேர்ஷ்', கேம் இன்ஜின் 'மொத்தேர் த ஜே', ஃபிசிக்ஸ் இன்ஜின் 'மொத்தேர் ஃபிசிக்'. எல்லாம் மொத்தேர். பிரெஞ்சு சினிமா ஷூட்டிங்கில் கேமராவை ஓட்டச் சொல்லி 'மொத்தேர்!' என்றுதான் கத்துவார்கள்.

அப்போ பாவம் ஆன்ஜேன் என்ன ஆனது? பெயர் சொல்லத் தெரியாத, கொஞ்சம் பெரிய, கொஞ்சம் ஆபத்தான சாதனம் எல்லாம் அதன் கணக்கில் சேர்ந்தன. ஜே.சி.பி. வகையறா 'ஆன்ஜேன் த ஷான்த்தியே'. வெடிகுண்டு 'ஆன்ஜேன் எக்ஸ்ப்ளொசிஃப்'. மீன் வலை, தூண்டில், கூடு எல்லாம் சேர்த்து 'ஆன்ஜேன் த பேஷ்'. பழைய கண்ணி அர்த்தம் மீனவர்களிடம் பத்திரமாக இருக்கு பாருங்க. 2019-ல் பிரான்ஸ் தன் போக்குவரத்து விதிகளில் நின்றுகொண்டே ஓட்டும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரைச் சேர்த்தபோது அதற்குக் கொடுத்த அரசுப் பெயரும் ஆன்ஜேனில்தான் ஆரம்பிக்கிறது.

ஏடா செய்த மொழிபெயர்ப்பு

இந்த இரண்டு மொழிகளுக்கு நடுவில் இன்ஜின் என்ற வார்த்தை செய்த பயணங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது இது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் கட்டாயம் படிக்கணும்.

சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் எந்திரத்தைக் கனவு கண்டு அதற்கு 'அனலிட்டிக்கல் இன்ஜின்' என்று பெயர் வைத்திருந்தார். 1840-ல் இத்தாலியின் டூரின் நகரத்துக்குப் போய் அதை விளக்கினார். கேட்டவர்களில் ஒருவர் லூயிஜி மெனப்ரியா. அவரும் ராணுவ இன்ஜினியர். பின்னாளில் இத்தாலியின் பிரதமரே ஆனார். 1842-ல் ஜெனீவாவில் வந்த ஒரு இதழில் பாபேஜின் எந்திரம் பற்றி பிரெஞ்சில் கட்டுரை எழுதினார். அதில் இன்ஜின் இல்லை. 'மஷீன் அனலித்திக்' ஆகிவிட்டது. அடுத்த வருஷம் ஏடா லவ்லேஸ், வயசு 27, அந்தக் கட்டுரையை ஆங்கிலத்துக்குக் கொண்டு வந்தார். மஷீன் திரும்ப இன்ஜின் ஆனது. மொழிபெயர்ப்போடு நிறுத்தாமல் குறிப்புகள் சேர்த்தார். அவை மூலக் கட்டுரையைப் போல மூன்று மடங்கு நீளம். கடைசிக் குறிப்பில் பெர்னோலி எண்களை அந்த எந்திரத்தில் கணக்கிடும் வழியைப் படிப்படியாக எழுதினார். உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று நாம முதல் செமஸ்டரில் படித்தது அதைத்தான். ஒரு பிரெஞ்சுக் கட்டுரையின் மொழிபெயர்ப்புக்குக் கீழே எழுதிய குறிப்பு அது!

பிரெஞ்சு மூலத்தில் ஒரு அச்சுப்பிழையும் இருந்தது. 'நிலை' என்ற பொருளில் 'கா' என்று வரவேண்டிய சொல், ஒரு எழுத்து மாறி, கணக்கில் வரும் 'காஸ்' போல அச்சாகிவிட்டது. ஏடா அதை அப்படியே கொசைன் என்று மொழிபெயர்த்துவிட்டார். வாக்கியம் அர்த்தமே தராது. முதல் புரோகிராம் பிறந்த அதே காகிதத்தில் பிழைக்கும் இடம் கிடைத்துவிட்டது.

பிரெஞ்சின் மஷீனை விட ஆங்கிலத்தின் இன்ஜின் அங்கே பொருத்தம் என்பது என் கருத்து. மூளை செய்யும் வேலையைச் செய்ய ஒரு எந்திரம். அதற்கு, பிறவி அறிவு என்ற பொருளில் பிறந்த வார்த்தையே பெயர். பாபேஜ் வேரை யோசித்து வைத்தாரோ இல்லையோ, சொல் சுற்றிச் சுற்றித் தன் பழைய வீட்டுக்கே வந்துவிட்டது.

கடைசியா நம்ம பெயர்

இன்ஜினியருக்கு பிரெஞ்சில் 'ஏன்ஜெனியேர்'. எழுத்தைப் பார்த்தால் லத்தீன் இங்கேனியும் அப்படியே தெரியும். நடுவில் மொத்தேரும் இல்லை, மஷீனும் இல்லை. பொறியியல் துறைகளுக்கு அங்கே இன்னும் வேடிக்கையான பெயர், 'ஜெனி'. சிவில் இன்ஜினியரிங் 'ஜெனி சிவில்', சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் 'ஜெனி லொஜிசியேல்'. ராணுவத்தின் பொறியாளர் படைக்கே 'ல ஜெனி' என்றுதான் பெயர். ஜெனி என்றால் மேதை என்றும் அர்த்தம். அதோடு, 18-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அந்த்வான் கலான் ஆயிரத்தொரு இரவுகள் கதைகளை பிரெஞ்சில் கொண்டு வந்தபோது அரபு 'ஜின்' பூதத்துக்கும் ஓசை ஒத்துப்போன இந்த ஜெனியையே பயன்படுத்தினார். ஆங்கிலத்துக்கு 'ஜீனி' போனது அப்படித்தான். ஆக பிரெஞ்சில் சிவில் படிப்பவர் பாதி மேதை, பாதி அலாவுதீன் பூதம்.

பிரான்சில் மாஸ்டர்ஸ் போக ரெஸ்யூமே தயார் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'ஏன்ஜெனியேர் திப்ளொமே' என்பது அங்கே 1934 ஜூலை 10-ஆம் தேதிச் சட்டம் முதல் பாதுகாக்கப்பட்ட பட்டம். அதற்கென ஒரு ஆணையம் அங்கீகரித்த படிப்பை முடித்தவர்கள்தான் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். நம்ம பி.இ.யை அந்தப் பெயரில் எழுதாமல், பி.இ. என்றே எழுதி, எந்தத் துறை, எத்தனை வருஷப் படிப்பு என்று விளக்கிவிடுங்க.

சரி, ஒரு சின்னப் பயிற்சி. பஸ் ஸ்டாண்டில் கண்டெடுத்த வெடிக்கும் சாதனம், விமானத்தின் இடது இன்ஜின், லேபில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் பழைய ஸ்டீம் இன்ஜின், ஷாப்பிங் ஆப்பில் 'இதையும் வாங்குங்க' என்று காட்டும் ரெகமண்டேஷன் இன்ஜின். நாலுக்கும் வேற வேற வார்த்தை வரணும். வரிசையாக ஆன்ஜேன், ரெயாக்தேர், மஷீன், மொத்தேர் என்று சொல்லியிருந்தால் முழு மார்க். ஐந்தாவது, 'கெட்டிக்கார இன்ஜினியர்'. கெட்டிக்காரனுக்கு அதே வேரில் 'ஏன்ஜெனியே' என்று ஒரு சொல் இருக்கிறது. சேர்த்தால் ஏன்ஜெனியேர் ஏன்ஜெனியே. நாக்கு சுளுக்காமல் மூணு தடவை வேகமா சொல்லிப் பாருங்க.